ஏற்காட்டில் வேடமிட்டு ஓடும் ஓட்டம்: தன்னார்வலராகப் போனவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

அஸ்தம்பட்டிக்காரன்

நண்பர்களே, மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் வேடம் போட்டுக்கொண்டு ஓடும் ஓட்டம் ஒன்று நடக்க இருக்கிறது. ஏரிக்கரையில் புறப்பட்டு பகோடா பாயின்ட் பக்கம் போய்த் திரும்பினால் 10 கிலோமீட்டர். லேடீஸ் சீட் பக்கம் போய்த் திரும்பும் சின்ன ஓட்டமும் உண்டு. ஓடுவதற்கு என் முட்டி ஒத்துழைக்காது, அதனால் தன்னார்வலராகப் பெயர் கொடுத்துவிட்டேன். இதுவரை ஓட்டங்களை டீக்கடையில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி.

இந்த முறை கருப்பொருள் காட்டு விலங்குகள். ஓடுகிறவர்கள் மட்டுமல்ல, தன்னார்வலர்களும் வேடத்தில்தான் வர வேண்டும் என்று வாட்ஸப் குழுவில் செய்தி வந்திருக்கிறது. எனக்கு ஒதுக்கியது கரடி. உடம்பு முழுக்க மூடும் ரோம உடுப்பு, தலைக்குத் தனியாக ஒரு மூடி. அதைப் போட்டுக்கொண்டு ஒரு திருப்பத்தில் நின்று வழி காட்ட வேண்டுமாம். என்ன வேலை இருக்கும், கையில் என்ன எடுத்துப் போக வேண்டும், எத்தனை மணிக்கு அங்கே நிற்க வேண்டும்? கடைசி நாளில் சத்தம் போட்டால் ஒன்றும் நடக்காது என்பதால் இப்போதே கேட்கிறேன்.

தட்டுவடை

கரடி கிடைத்தது யோகம். மார்கழிக் குளிருக்கு ஸ்வெட்டர் செலவு மிச்சம். கரடிக் குகை பக்கம் மட்டும் நிற்காதீர்கள், சுற்றுலா வந்தவர்கள் செல்ஃபி எடுத்தே உங்களை நகர விடமாட்டார்கள்.

கடைசிஆள்

தம்பி, முதல் வேலையாக அந்தத் தலைமூடியை வேண்டாம் என்று சொல்லுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எல்லோரும் வேடத்தில் ஓடுகிற ஓட்டத்தில் வழிகாட்ட நிற்பவரும் வேடத்தில் இருந்தால், வருகிறவருக்கு யார் வழிகாட்டி, யார் மூச்சு வாங்க ஓரமாக நிற்கும் இன்னொரு ஓட்டக்காரர் என்று எப்படித் தெரியும்? வெளியூரில் ஓர் ஓட்டத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். திருப்பத்தில் ஒரு சிங்கம் நின்று இடப்பக்கம் கையை ஆட்டிக்கொண்டே இருந்தது. வந்தவர்களும் சந்தோஷமாகத் திருப்பிக் கையை ஆட்டிவிட்டு நேராகப் போய்விட்டார்கள். சிங்கம் கத்தியும் பார்த்தது. மூடிக்குள்ளிருந்து வந்த சத்தம் யாருக்கும் விளங்கவில்லை. விசில் ஊதலாம் என்றால் வாய் எங்கே?

ஆகவே கழுத்துக்குக் கீழே கரடியோ காண்டாமிருகமோ எதுவாகவும் இருங்கள். முகம் திறந்திருக்க வேண்டும். வேடத்துக்கு மேலே மினுங்கும் பட்டை வைத்த கையில்லாச் சட்டை, எல்லாத் தன்னார்வலருக்கும் ஒரே நிறத்தில். கையில் கொடி. கழுத்தில் விசில்.

நிற்கும் இடமும் முக்கியம். திருப்பத்தின் மூலையிலேயே நின்றால், வருகிறவர் உங்களைப் பார்க்கும்போது அவர் பாதித் திருப்பத்தைத் தாண்டியிருப்பார். கொஞ்சம் முன்னால் வந்து, தூரத்திலிருந்தே தெரியும்படி நில்லுங்கள். கையை ஆட்டாதீர்கள். போக வேண்டிய பக்கம் கையை நேராக நீட்டி அப்படியே வைத்திருங்கள். மார்கழியில் ஏரிப் பக்கம் மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்பவர் நிழலாகத்தான் தெரிவார். சைக்கிளுக்கு மாட்டும் சிமிட்டும் விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வளைவின் உள்பக்கம் நிற்கவே கூடாது. பஸ் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். மலைரோட்டில் பழகிய ஓட்டுநர்கள் கவனமாகத்தான் வருவார்கள், ஆனால் அங்கே ஒரு கரடி நிற்கும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று: வண்டியை நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. அது போலீஸ் வேலை. வண்டி வருவதை ஓடுகிறவருக்குச் சொல்வதுதான் உங்கள் வேலை.

அஸ்தம்பட்டிக்காரன்

அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி. உங்கள் பெயர் ஏன் கடைசிஆள்?

கடைசிஆள்

நான் எப்போதும் எடுத்துக்கொள்வது அந்த வேலையைத்தான். கடைசியாக வருகிறவருக்குப் பின்னால் நடப்பது. ஓட்டக்காரர்கள் இதை ஸ்வீப் என்பார்கள். நான் தாண்டிப் போன பிறகுதான் அந்த இடத்துத் தன்னார்வலர் கிளம்பலாம், மேசையை மடக்கலாம். நான் வருவதற்குள் பசிக்கிறது என்று கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. பின்னால் வருகிற நாலு பேர் தெரியாமல் லூப் ரோட்டில் ஏறிவிட்டால் கதை கந்தல். அது 32 கிலோமீட்டர் சுற்று, நாகலூர் வழியாக எங்கெங்கோ கொண்டுபோகும்.

கடைசியில் வருகிறவர்கள்தான் நல்ல துணை. முன்னால் ஓடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. கடைசியில் வருகிறவர் குடும்பக் கதை, வேலை, சர்க்கரை அளவு எல்லாம் சொல்வார். வேட ஓட்டத்தில் கூடுதலாக ஒரு வேலையும் உண்டு. கீழே விழும் வால், காது, இறக்கை, ஒட்டுமீசை எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். பெரிய கோணிப்பை கொண்டுபோவேன்.

நர்ஸக்கா

கடைசிஆள் அண்ணன் தலைமூடி பற்றிச் சொன்னதை நான் வேறு காரணத்துக்காக வழிமொழிகிறேன்.

மேலே குளிர்தானே, 1500 மீட்டருக்கு மேலே யாருக்கு வெப்பத் தொல்லை வரப்போகிறது என்று நினைக்காதீர்கள். ஓடும்போது உடம்பே சூட்டை உண்டாக்குகிறது. வியர்வை காற்றில் ஆவியானால்தான் அந்தச் சூடு வெளியேறும். ரோம உடுப்பும் ஸ்பாஞ்ச் உடுப்பும் வியர்வையை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பனி மூட்டத்தில் காற்றிலும் ஈரம் நிறைந்திருக்கும், அதனால் வெளியே தெரியும் கையும் முகமும்கூடச் சரியாகக் காயாது. வெளியே குளிர், உள்ளே வேக்காடு.

தண்ணீர் மேசையில் நிற்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். களைப்பு வேறு, புத்தி தடுமாறுவது வேறு. களைத்தவர் உட்காருவார், தண்ணீர் கேட்பார், பேர் கேட்டால் சொல்வார். ஒருவர் தள்ளாடி, பேச்சு குழறி, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் கோபமாகப் பேசினால் அதை ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் உட்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். உடனே வேடத்தைக் கழற்றுங்கள், ஜிப் வரவில்லையென்றால் கத்தரியால் வெட்டுங்கள். ஐஸ் தண்ணீரோ வெறும் தண்ணீரோ தலையிலிருந்து ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்கு அழையுங்கள். முதலில் குளிரவைக்க வேண்டும், அப்புறம்தான் ஏற்ற வேண்டும். மலையிறங்கி சேலம் அரசு மருத்துவமனை சேர்வதற்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவ்வளவு நேரம் அந்தச் சூடு காத்திருக்காது.

ஒவ்வொரு மேசையிலும் ஒரு கத்தரிக்கோல் வையுங்கள். ஐயோ வாடகை வேடமாச்சே என்று யோசிக்கிறவரை அந்த மேசையில் வைக்காதீர்கள்.

தட்டுவடை

கத்தரிக்கோல் என்றதும் குகைத்தெருக்காரர் ஓடி வருவார் பாருங்கள்.

குகைத்தெரு

வந்துவிட்டேன்!

எங்கள் குடும்பம் வண்டி வேடிக்கைக்கு வேடம் கட்டுகிற குடும்பம். சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர் நண்பர்களுக்காக: ஆடி மாதம் சேலத்தில் குகை என்கிற பகுதியின் அம்மன் கோயில் பண்டிகையில் ஆட்கள் சாமி வேடம் கட்டி, ஜோடித்த வண்டிகளில் ஊர்வலமாக வருவார்கள். அதற்காகவே மாதக்கணக்கில் அட்டையும் ஜிகினாவும் வெட்டுகிற வீடுகள் எங்கள் தெருவில் உண்டு.

ஆனால் வண்டியில் அசையாமல் நிற்கிறவருக்குக் கட்டும் வேடத்தை ஓடுகிறவருக்குக் கட்டினால் அரை கிலோமீட்டர் தாங்காது. போன வருஷம் என்னிடம் ஒருவர் சிவன் வேடம் கேட்டு வந்தார். எந்த ஓட்டமோ தெரியாது. கிரீடம், நாகம், புலித்தோல், சூலம் என்று பட்டியல் நீட்டினார். "சூலத்தோடு ஓடுவீங்களா?" என்று கேட்டேன். அப்புறம்தான் மனுஷன் யோசித்தார்.

ஓடுவதற்கு வேடம் கட்ட எனக்குத் தெரிந்த வழி இது. எடை எல்லாம் தோளில் இறங்க வேண்டும், தலையில் ஏறக் கூடாது. கிரீடம் வேண்டுமென்றால் அட்டை வேண்டாம், பனியில் ஊறிவிடும். தையல்காரரிடம் கிடைக்கும் கேன்வாஸ் துண்டில் வெட்டி, எலாஸ்டிக் வைத்துத் தாடைக்குக் கீழே பூட்டிக்கொள்ளுங்கள். அரிதாரத்தைக் கன்னத்தில் மட்டும் பூசுங்கள். நெற்றியில் பூசினால் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கி எரியும். கால் முட்டிக்குக் கீழே எதுவும் தொங்கக் கூடாது. வால் வைத்தால் பின் குத்தி வையுங்கள், இழுத்தால் கையோடு வந்துவிட வேண்டும். தைத்த வாலைப் பின்னால் வருகிறவர் மிதித்தால் இருவருமே விழுவார்கள்.

நர்ஸக்கா சொன்ன கத்தரிக்கும் வழி சொல்கிறேன். முதுகில் ஜிப் வேண்டாம். முன்பக்கம் வெல்க்ரோ வையுங்கள், ஓர் இழுப்பில் கழன்றுவிடும். வாடகைக்குக் கொடுத்தவனும் பிழைப்பான்.

ஓடுகிறவர் எண் துணியை வேடத்துக்கு மேலே குத்த வேண்டும், மறந்துவிடாதீர்கள். நேரம் பதிவு செய்யும் சில்லை எண் துணியின் பின்னால் ஒட்டித் தருகிற ஓட்டங்களில், அது வேடத்துக்குள் மடங்கிக் கிடந்தால் தரையில் விரித்த பாய் அதைப் படிக்காமல் போகலாம். பிறகு "நான் ஓடினேன், பேர் வரலை" என்று சண்டைக்கு வருவார்கள். சில்லைக் காலணியில் கட்டச் சொல்லி ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்.

மூச்சிரைப்பு

ஓடுகிற கட்சியிலிருந்து சில வேண்டுகோள்கள்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த தூரத்தைச் சொல்லுங்கள், "அடுத்த தண்ணி 2 கிலோமீட்டர்ல" என்பது போல. கொஞ்ச தூரம் என்று நாலு பேர் நாலு இடத்தில் சொன்னால் ஐந்தாவது ஆளை அடிக்கத் தோன்றும்.

எண் துணியில் பேர் இருந்தால் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். வேட ஓட்டத்தில் அதுகூட வேண்டாம், "குரங்கே, வா வா" என்றால் போதும், தெம்பு வரும்.

தண்ணீர் மேசையில் முதல் மேசையையே எல்லோரும் மொய்ப்பார்கள். மேசைகளை இடைவெளி விட்டுப் போட்டு, முதல் மேசைக்காரர் "பின்னாடியும் இருக்கு, போங்க" என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். எது வெறும் தண்ணீர், எது உப்புக் கரைசல் என்று குரலில் சொல்லுங்கள். எழுதி ஒட்டினால் மூச்சு வாங்குகிற கண்ணுக்குத் தெரியாது.

பிரான்சில் போர்தோ பக்கம் மெடாக் மாரத்தான் என்று ஒன்று 1985-லிருந்து நடக்கிறது. வருஷத்துக்கு ஒரு கருப்பொருள், பெரும்பாலும் எல்லோருமே வேடம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே முழு மாரத்தான் தூரம். வழியில் தண்ணீரோடு ஒயினும் ஊற்றுவார்கள். அப்படியும் ஆறரை மணி நேரக் கெடு உண்டு. நம் மலையிலும் அப்படி ஒன்று ஏன் கூடாது?

தட்டுவடை

ஒயினா? நம் ஊரில் ஊற்றினால் ஓட்டம் புறப்பட்ட இடத்திலேயே முடிந்துவிடும்.

மலைமேல்வீடு

நான் மேலே, மஞ்சக்குட்டை போகிற வழியில் இருக்கிறவன். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன்.

மெடாக் என்று சொன்னவருக்கு: இங்கே 1820-களில், காக்பர்ன் கலெக்டராக இருந்த காலத்திலேயே காப்பி வந்துவிட்டது. சில்வர் ஓக் நிழல், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காப்பி, நடுவில் ஆரஞ்சு, பலா. காட்டு விலங்குக்குப் பதிலாகக் காப்பியையே கருப்பொருளாக வைத்திருக்கலாம். பழுத்த காப்பிக்கொட்டை மாதிரி சிவப்புச் சட்டை போட்டு ஓடினால் வேடச் செலவும் இல்லை. யாரும் எங்களைக் கேட்பதில்லை.

கேட்காததற்கு இன்னொன்றும் சொல்கிறேன். மார்கழி என்பது காப்பிப் பழம் பறிக்கும் காலம். ஞாயிறும் பறிப்பு உண்டு. விடிந்ததும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டிகள் போகும். பால் வண்டி கீழே இறங்க வேண்டும். ஓட்டம் என்று ரோட்டை அடைத்தால் கூலிக்குப் போகிறவருக்கு அரை நாள் போச்சு. இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிற மலையாளி ஜனங்களிடம் (கேரளத்துக்காரர்கள் இல்லை, இந்த மலையின் பழங்குடிகள்), இந்த மணியிலிருந்து இந்த மணி வரை ரோடு இருக்காது என்று ஒரு வாரம் முன்னால் ஊருக்குள் வந்து சொல்ல வேண்டும். வாட்ஸப்பில் போட்டால் யார் பார்ப்பது?

கழிவறை இன்னொரு சங்கடம். ஓடுகிறவர்கள் தோட்டத்துக்குள் ஒதுங்குகிறார்கள். அங்கேதான் எங்கள் வீட்டுப் பெண்கள் குனிந்து பழம் பறிக்கிறார்கள். வழியில் நடமாடும் கழிவறை வைக்க முடியாதென்றால் ஓட்டமே வைக்க வேண்டாம்.

குரங்குக் கதையும் இருக்கிறது. வாழைப்பழத்தை மேசையில் திறந்து வைத்துவிட்டுப் படம் எடுக்கத் திரும்பினால், திரும்பி வரும்போது தோல்கூட இருக்காது. மூடி போட்ட டப்பாவில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுங்கள். குரங்கு வேடம் போட்ட ஆள் கையில் பழத்தோடு போனால் நிஜக் குரங்கு என்ன நினைக்கும் என்பதை நான் சொல்ல மாட்டேன்.

காட்டெருமை விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். அதிகாலையில் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வருகிறது. வந்தால் விசில் ஊதாதீர்கள், விளக்கைக் கண்ணில் அடிக்காதீர்கள், கிட்டே போய்ப் படம் எடுக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஓடுகிறவர்களைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு வழி விடுங்கள். அது தானாகப் போய்விடும். பரிசு ரெண்டு நிமிஷம் தள்ளிப் போனால் போகட்டும்.

அஸ்தம்பட்டிக்காரன்

ஐயா, ரோடு அடைப்பு, கழிவறை இரண்டையும் ஏற்பாட்டாளர்களுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் சொல்ல நானே சனிக்கிழமை வரத் தயார்.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் நல்ல ஆலோசனை சொல்கிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன்.

ஓடுகிறவரிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். விளம்பரப் பலகை முழுக்கக் கம்பெனிப் பெயர்கள். பாட்டு போடுகிறவருக்குக் காசு, மேடை போடுகிறவருக்குக் காசு, படம் எடுக்கிறவருக்குக் காசு. விடியற்காலை நாலு மணிக்குப் பனியில் வந்து நிற்கிறவருக்கு மட்டும் ஒரு டி-ஷர்ட், ஒரு பொட்டலம் பொங்கல். வேடத்துக்குக் கூட அவரே செலவு செய்ய வேண்டும் என்றால் இது தன்னார்வமா, இனாம் வேலையா?

பள்ளிக்கோ ஆஸ்பத்திரிக்கோ பணம் போகிறது என்றால் கணக்கைக் காட்டட்டும், நானும் வந்து பை தூக்குகிறேன். லாபத்துக்கு நடத்துகிற ஓட்டம் என்றால் ஆட்களுக்குக் கூலி கொடுக்கட்டும். மேலே இருக்கிற பையன்களுக்கே கொடுக்கலாம். ரோடு அவர்களுக்குத் தெரியும், காட்டெருமையும் தெரியும்.

கடைசிஆள்

பிள்ளைவாள், பாதி ஒத்துக்கொள்கிறேன். வேடச் செலவை ஏற்பாட்டாளர் ஏற்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் கூலிக்கு நிற்கிறவர் கடைசி ஆள் வரும் வரை நிற்பாரா? பிரிட்டனில் 2004-ல் தொடங்கிய பார்க்ரன் சனிக்கிழமைதோறும் 5 கிலோமீட்டர் ஓட்டம் நடத்துகிறது. ஓடுகிறவரிடம் கட்டணமே இல்லை, நடத்துவது முழுக்கத் தன்னார்வலர்கள். கடைசியில் நடக்க ஓர் ஆள் அங்கே கட்டாயம்.

கணக்குப்பிள்ளை

அண்ணா, நீங்களே சொல்லிவிட்டீர்கள், அங்கே கட்டணமே இல்லை. இங்கே இருக்கிறதே. கூலிக்கு நிற்கிறவர் நிற்க மாட்டார் என்பதும் சரியில்லை. காப்பி பறிக்கிறவர் சாயங்காலம் வரை கூலிக்குத்தான் நிற்கிறார்.

மலைமேல்வீடு

அது வாஸ்தவம்.

இரண்டாமாண்டு

வணக்கம். நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) அணியிலிருந்து நிறையப் பேர் இந்த ஓட்டத்துக்கு வருகிறோம். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை காட்ட வேண்டும், அந்தக் கணக்குக்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். மறைப்பதற்கில்லை. ஆனால் சான்றிதழ் வாங்க வந்தவர்களைக் கடைசி நேரத்தில் எங்கேயோ கொண்டுபோய் நிறுத்துவதுதான் எங்களுக்கு எரிச்சல். ஒரு முறை என் தோழியை ஆளில்லாத இடத்தில் தனியாக நிறுத்திவிட்டார்கள். போனில் சிக்னலும் இல்லை. பெண்களைத் தனியாக நிறுத்தாதீர்கள், ஒவ்வோர் இடத்திலும் இருவர் வேண்டும் என்று யாராவது பெரியவர்கள் எழுதினால் கேட்பார்கள். நாங்கள் சொன்னால் "அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்கிறார்கள்.

எங்களுக்குத் தண்ணீர் மேசை கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு தண்ணீர், எந்தக் கப்பு என்று யாராவது சொல்ல முடியுமா?

நர்ஸக்கா

கண்ணு, இருவராக நிறுத்தச் சொல்லி நான் எழுதுகிறேன். மருத்துவக் குழுவிலிருந்து வந்தால் தட்ட மாட்டார்கள்.

தண்ணீர்க் கணக்கு: 600 பேர் என்று வைத்துக்கொள். உங்கள் மேசையைப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை தாண்டுவார்கள். ஒரு தடவைக்கு 150 மில்லி என்றால் 180 லிட்டர். 20 லிட்டர் கேன் ஒன்பது. டம்ளர் அலச, தலையில் ஊற்ற, கைகழுவ என்று இன்னும் நாலு கேன் சேர்த்துக்கொள். கேனைத் தூக்கிச் சாய்க்க வேண்டாம், இடுப்பு போய்விடும். குழாய் வைத்த தொட்டியில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

உப்புக் கரைசலில்தான் தப்பு நடக்கும். பாக்கெட்டைப் படி. 21 கிராம் சொச்சம் உள்ள பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. 4 கிராம் சொச்சம் உள்ளது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை அரை லிட்டரில் கரைத்துக் கொடுத்தால் கெட்டியாகி வாந்தி வரும். இனிப்பாக இருக்கும் டெட்ராபேக் பானங்களை ஓஆர்எஸ், அதாவது இந்த உப்புக் கரைசல் என்று நம்பி வாங்கிவிடாதே. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அந்தப் பேரை அவற்றில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டது.

யாரையும் வற்புறுத்திக் குடிக்கவைக்காதே. தாகத்துக்குக் குடிக்கட்டும். 2002-ல் பாஸ்டன் மாரத்தான் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. பெரும்பாலும் அளவுக்கு மீறிக் குடித்தவர்கள். 10 கிலோமீட்டரில் அது அபூர்வம்தான். ஆனால் ஸ்பாஞ்ச் உடுப்பில் நடந்தே வருகிறவர் ஒவ்வொரு மேசையிலும் நின்று மூன்று டம்ளர் குடிப்பார், பார்த்துக்கொள்.

மூச்சிரைப்பு

கப்பு விஷயம்: 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தண்ணீர்ப் பாக்கெட்டும் தடை. அதைப் பார்க்காமல் காகிதக் கப்பை அடுக்கிவைக்கிற ஓட்டங்கள் இன்னும் இருக்கின்றன. எவர்சில்வர் டம்ளர் வையுங்கள். நின்று குடித்தால் போதும், இது பரிசுக்காக ஓடுகிற ஓட்டமில்லையே. ஓடுகிறவரே மடக்கும் கப்பு கொண்டுவர வேண்டும் என்று பதிவின்போதே சொன்னால் இன்னும் நல்லது.

டம்ளரை நீட்டும்போது அடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், விளிம்பை அவருக்கு விடுங்கள். முக்கால் பங்கு ஊற்றினால் போதும். டம்ளர் போடும் கூடையை மேசைக்குப் பக்கத்தில் வைக்காமல் ஐம்பதடி தள்ளி வையுங்கள், குடித்துக்கொண்டே நடந்து போய்ப் போடுவார்கள். மேசை முன்னால் கூட்டம் கலையும்.

அஸ்தம்பட்டிக்காரன்

ஏற்பாட்டாளரிடமிருந்து பதில் வந்தது. தலைமூடி வேண்டாம் என்பதை ஒப்புக்கொண்டார்கள். மினுங்கும் கையில்லாச் சட்டை தருகிறார்கள். இருவர் இருவராக நிறுத்துவதும் சரி. கழிவறை மூன்று இடத்தில். கூலி பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லை. வேடச் செலவு "பரிசீலிக்கிறோம்".

புதிதாக ஒன்று சொல்கிறார்கள். முடிவுக்கோட்டில் வண்ணப் பொடி தூவப் போகிறார்களாம். தன்னார்வலர்கள்தான் தூவ வேண்டும். மக்காச்சோள மாவில் செய்தது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்கிறார்கள்.

மாவுமில்

முதல் பதிவு. ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் இருப்பவன், இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாவு பையில் இருக்கும்போது சாது. காற்றில் புகையாக நிற்கும்போது ஒரு பொறி போதும், மொத்தமாகப் பற்றும். மரவள்ளி மாவோ மக்காச்சோள மாவோ எல்லாம் ஒன்றுதான். எங்கள் ஆலையில் மாவு உலர்த்தும் இடத்தில் பீடி பற்றவைத்தால் அன்றோடு வேலை போய்விடும். 2015 ஜூன் 27 அன்று தைவானில் ஒரு நீர்ப் பூங்கா விழாவில் கூட்டத்தின் மேல் வண்ண மாவைத் தூவியபோது தீப்பிடித்து 15 பேர் செத்தார்கள், ஐந்நூறு பேர் அளவில் காயம். சாப்பிடுகிற மாவுதான் அதுவும்.

திறந்த ரோட்டில் ஒரு கைப்பிடி எறிந்தால் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் பந்தலுக்குக் கீழே, ஜெனரேட்டர் பக்கத்தில், சூடான மேடை விளக்கு முன்னால், ஊதுகுழல் வைத்துத் தூவினால்? அங்கே ரோம உடுப்பும் ஸ்பாஞ்சும் போட்டுக்கொண்டு 600 பேர். அந்த உடுப்புகள் எப்படி எரியும் என்று குகைத்தெரு அண்ணனைக் கேளுங்கள்.

குகைத்தெரு

ஸ்பாஞ்சும் நைலான் ரோமமும் உருகித் தோலோடு ஒட்டும். எங்கள் வீட்டில் வேடம் கட்டுகிற அறையில் விளக்குகூட ஏற்ற மாட்டோம். பொடி வேண்டவே வேண்டாம்.

மலைமேல்வீடு

மிச்சப் பொடி எல்லாம் மழையில் ஏரிக்குள் போகும். அதையும் எழுதுங்கள்.

நர்ஸக்கா

ஆஸ்துமா உள்ளவர்கள் இருப்பார்கள், மூச்சு வாங்க ஓடி முடித்த இடத்தில் பொடியா? என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டிக்காரன்

எல்லோர் பெயரிலும் எழுதி, பொடி தூவச் சொன்னால் நாங்கள் யாரும் வர மாட்டோம் என்றும் சேர்த்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில்: பொடி ரத்து. அதற்குப் பதில் சாமந்திப் பூ.

தட்டுவடை

பாருங்கள், ஆள் வராது என்றால்தான் காது கேட்கிறது.

கணக்குப்பிள்ளை

அதையே கூலிக்கும் செய்திருக்கலாம். சரி, அடுத்த முறை. இந்தத் தடவை பை வைக்கும் இடத்தில் நான் நிற்கிறேன். அங்கே கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும், இல்லையென்றால் எல்லோருடைய பையும் ஒரே நிறத்தில் இருக்கிறது என்று முடியும்போது ரகளை நடக்கும். வேடம் போட மாட்டேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

இரண்டாமாண்டு

நாங்கள் கொடிக்கு மஞ்சள் துணி வெட்டித் தைத்துவிட்டோம். குச்சிதான் இல்லை. அப்புறம் எவர்சில்வர் டம்ளர் இருநூறாவது வேண்டும். கல்யாண மண்டபத்தில் கேட்டால் வாடகை சொல்கிறார்கள்.

மலைமேல்வீடு

குச்சிக்கு யோசிக்காதே பாப்பா. நிழல் கழித்த சில்வர் ஓக் கிளை தோட்டத்தில் கிடக்கிறது, அளவு சொன்னால் வெள்ளிக்கிழமை வெட்டி ஒண்டிக்கடை என்கிற இடத்தில் ஒரு கடையில் கொடுத்து வைக்கிறேன். டம்ளர் கோயில் பாத்திரத்தில் நூறு போல இருக்கும், பெரியவரிடம் கேட்டுச் சொல்கிறேன். எண்ணி எடுத்துப் போய் எண்ணித் திருப்பித் தர வேண்டும்.

கணக்குப்பிள்ளை

எண்ணுவதை என்னிடம் விடுங்கள்.